எங்க அய்யா பீஸ் காத்த வருசம்

வாங்கடி என் வயசுக்காரிகளா, இப்படி நெருங்கி உக்காருங்க. காது மந்தமானவ முன்னால வா. போன வாரம் எங்க வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருந்தாக. மூத்தவளைக் கட்டுனவுக, காலேஜுல இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிறவுக. அவுகளுக்குச் சோறு இறங்கணும்னா கூடவே ஒரு பாடமும் இறங்கணும். ரசத்துக்கு வரும்போது, "அத்தை, ஒரு வேடிக்கை கேளுங்க"ன்னு ஆரம்பிச்சாக. லத்தீன்னு ஒரு பழைய பாஷையாம். அதுல பாக்ஸுன்னு ஒரு சொல்லாம். அந்த ஒத்த வேருல இருந்து இங்கிலீஷ்ல ஒரு குடும்பமே முளைச்சிருக்காம். பீஸ் அதுல வந்ததாம். சண்டைக்காரங்க எழுதிக்கிற பேக்ட் அதுக்குச் சொந்தமாம். கோவக்காரனைத் தடவிக்குடுத்து அடக்குற அப்பீஸ், காசைக் குடுத்து ஆளைக் குளிர வைக்கிற பே, பூகோளப் படத்துல இருக்கிற பசிபிக் கடலு, எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைகளாம்.

"அந்த பீஸுக்குத் தமிழ்ல என்ன மாப்பிள்ளை?"ன்னு கேட்டேன்.

"அமைதி, அத்தை."

கையில இருந்த கரண்டியை டொம்முன்னு வச்சேன். "அந்தச் சொல்லை எங்க வீட்டுல சொல்லாதீக"ன்னேன். பாவம், அவுக பயந்து போயி மோருகூடக் கேக்காம எந்திருச்சுட்டாக. மகளுக்கு என் மேல கோவம். இருக்கட்டும். மாப்பிள்ளைக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்றேன், ஏன்னா உங்கள்ல ரெண்டு பேருக்காச்சும் எங்க ஆத்தாவைத் தெரியும். எங்க ஆத்தா உம்மணாமூஞ்சின்னு உங்க வீடுகள்ல பேசிக்கிட்டதும் எனக்குத் தெரியும்.

எனக்கு அப்ப ஒம்பது வயசு இருக்கும். வெள்ளைக்காரன் காலம். நாச்சியாபுரத்துக்கு மேக்க, தோட்டத்தை ஒட்டி எங்க வீடு. வீடுன்னா பாதி வீடு. மறுபாதி அய்யாவோட அண்ணன், என் பெரியய்யா வீடு. பாகம் பிரிச்சப்ப முத்தத்துக்கு நடுவுல ஒரு மண்சுவரை வச்சுட்டாக. சுவரு என் ஆத்தா உயரம்தான். அங்குட்டுப் பெரியாத்தா வெங்காயம் வதக்குனா இங்குட்டு எங்களுக்குக் கண்ணு எரியும். எல்லாத்தையும் பிரிச்சவுகளால கிணத்தைப் பிரிக்க முடியலை. ஒருநாள் எங்க முறை, மறுநாள் அவுக முறைன்னு கமலை கட்டி மாட்டை வச்சு எறைப்பாக.

சண்டை எதுலன்னா, நாளு எப்பப் பொறக்குதுங்கிறதுல. விடிவெள்ளி மொளைச்சா மறுநாள்னு அய்யா. கிணத்து மேட்டுக் கல்லுல வெயில் பட்டாத்தான் மறுநாள்னு பெரியய்யா. அந்த எடைப்பட்ட நேரத்துல நாலஞ்சு பாத்தி நனையும், அம்புட்டுதான். அந்த வருசம் கண்டனூர்ல ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கத்தரிக்காய் குடுக்க அய்யா ஒத்துக்கிட்டிருந்தாக. செடி வாடுது. விடிவெள்ளியைப் பார்த்ததும் மாட்டைப் பூட்டுனாக. பெரியய்யா மம்பட்டியோட வந்துட்டாக. அய்யா மாட்டை ஓட்டுற தார்க்குச்சியை ஓங்க, அவுக மம்பட்டிக் காம்பை ஓங்க, பெரியய்யாவுக்கு முழங்கையில ஒரு கீறல். அதோட முடிஞ்சிருக்கும். ஊர்க்காவல் தலையாரி பார்த்துட்டு கிராம முன்சீப்புகிட்டச் சொல்ல, அங்கயிருந்து அது சிவகங்கை கோர்ட்டுக் கச்சேரிக்கே போயிருச்சு.

கச்சேரியில துரை ரெண்டு பேரையும் நிக்க வச்சு, "கீப் த பீஸ், கீப் த பீஸ்"னு ரெண்டு தடவை சொன்னாராம். அய்யாவுக்கு ஒரு வக்கீல் குமாஸ்தா, பெரியய்யாவுக்கு வேற குமாஸ்தா. எங்க குமாஸ்தாகிட்ட அய்யா கேட்டாகளாம், "பீஸுதான் முன்னாலேயே கட்டியாச்சேய்யா, இன்னும் என்ன பீஸைக் காக்கச் சொல்றாரு?"ன்னு. நீங்க சிரிக்கிறீக. எங்க வாயில பீஸுன்னா வக்கீல் வாங்குறது ஒண்ணுதானே. குமாஸ்தாவுக்கு அடுத்த கேஸுக்கு ஓடணும். "யோவ், இது வேற பீஸு. ஒரு வருசம் அமைதி காக்கணும். அமைதி! சத்தம் வந்துச்சோ, ஒரு வருசம் ஜெயில். அவுக வாசப்படியை மிதிக்காத, கேஸைப் பத்தி ஊருல ஒருத்தன்கிட்ட வாயைத் தொறக்காத. கையெழுத்தைப் போடு"ன்னுட்டுப் போயிட்டான்.

அமைதியா இருன்னா நமக்கு என்னடி அர்த்தம்? பள்ளிக்கூடத்துல வாத்தியார் பிரம்பை மேசையில தட்டிச் சொல்வாரே, அதுதானே? அய்யாவுக்கும் அதுதான்.

வண்டியை விட்டு இறங்குன அய்யா முதல்ல மாட்டுக் கழுத்து மணியை அவுத்தாக. நல்ல வெண்கல மணி. துணியில சுத்தி நெல்லுக்குள்ள பொதைச்சாக. கமலை உருளைக்கு வெளக்கெண்ணெய். கதவுக் குடுமிக்கு வெளக்கெண்ணெய். உலக்கையைத் தூக்கி மச்சுல போட்டு, ஆத்தா நெல்லை எடுத்துக்கிட்டு அவ தங்கச்சி வீட்டுக்குப் போய்க் குத்திட்டு வரணும்னாக. ஒரு சேவல் இருந்துச்சு, செவலைச் சேவல், என் கையில கொத்தித் திங்கும். அது கூவும்ல? மறுநாளே குழம்பாயிருச்சு. நானும் ஆத்தாளும் தொடலை.

"அய்யா, ஏன் இப்படி?"ன்னு கேட்டேன். என் காதுக்குள்ள வாயை வச்சு, "சத்தம் கேட்டா அய்யாவைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருவாக தாயி. மெதுவாப் பேசு"ன்னாக. அவுக மீசை காதுல குத்துனது இன்னமும் ஞாபகம் இருக்கு. அன்னையிலருந்து எனக்கு இருமல் வந்தாப் போதும், பாவாடையை எடுத்து வாயில பொத்திக்கிருவேன். தலையாரி தெனம் ஒருதரம் எங்க வாசல் வழியாப் போவாரு. அவரு கைத்தடி தரையில டொக்கு டொக்குன்னு வரும்போது நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அந்த மனுசன் அவரு வீட்டுக்குத்தான் போனாரு, வேற வழி கிடையாது. இது எனக்குத் தெரிஞ்சது எம்புட்டோ வருசம் கழிச்சு.

தம்பி அப்பக் கைப்பிள்ளை. தவழ ஆரம்பிச்ச நேரம். பனையோலையில முடைஞ்ச கிலுகிலுப்பை ஒண்ணு அவன்கிட்ட இருந்துச்சு. அய்யா அதைப் பிரிச்சு உள்ள இருந்த கல்லை எல்லாம் எடுத்துட்டுத் திரும்பக் கட்டிக் குடுத்தாக. அவன் ஆட்டுவான், சத்தம் வராது. உத்துப் பார்ப்பான், மறுபடி ஆட்டுவான். அப்புறம் எங்க மூஞ்சியைப் பார்ப்பான். அவன் அழ வாயெடுக்க முன்னால ஆத்தா மாரோட சேர்த்து அமுக்கிக்கிருவா.

இதுல அங்குட்டு வீட்டைச் சொல்லணும். அங்க எல்லாச் சத்தமும் இருந்துச்சு. பெரியாத்தா உரல்ல இடிப்பா, பெரியய்யா மாட்டை வைவாக, அவுக மக பாட்டுப் படிப்பா. அய்யா சுவரையே வெறிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாக. "துட்டைக் குடுத்துச் சரிக்கட்டிட்டான். அவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம்"னு குசுகுசுப்பாக. பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேக்கும். அங்குட்டு இருந்தவுகளோ இங்குட்டு வீட்டுல பேச்சு மூச்சில்லையேன்னு கதிகலங்கிப் போயிருந்திருக்காக. "இப்படிக் கமுக்கமா இருக்கான்னா என்னமோ செய்யப் போறான்"னு பெரியய்யா அரிவாளைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் படுப்பாகளாம். கூத்தைப் பாருங்க! துரை சண்டை வேணாம்னாரு. நாங்க சத்தத்தை நிறுத்துனோம். அதுலயே ரெண்டாவது சண்டை உள்ளுக்குள்ள மூண்டுக்கிட்டிருந்துச்சு. மாப்பிள்ளை சொன்னாக, எவனோ கப்பல்காரன் அலை அடிக்காத நாளாப் பார்த்துப் போயி அந்தக் கடலுக்குப் பசிபிக்குன்னு பேரு வச்சுட்டானாம். அதுலதான் பெரும் பெரும் புயலாம்.

ஆவணி மாசம். அய்யா வண்டியில கத்தரிக்காய் ஏத்திக்கிட்டு கண்டனூருக்குப் போயிட்டாக. தம்பிக்கு ரெண்டு நாளா உடம்பு சுட்டுச்சு. உச்சி வெயில் நேரத்துல அவனுக்கு இழுப்பு வந்துருச்சு. கண்ணு மேல சொருகி, கை முறுக்கிக்கிருச்சு. ஆத்தா அவனைத் தூக்கிக்கிட்டு எந்திருச்சா. சுவருக்கு அங்குட்டுப் பெரியாத்தா கீரை ஆஞ்சுக்கிட்டு மககூடப் பேசிக்கிட்டிருக்கா, ஒவ்வொரு பேச்சும் கேக்குது. இழுப்புக்கு என்ன செய்யணும்னு பெரியாத்தாவுக்குத் தெரியும், என்னையவே ஒருதடவை காப்பாத்துனவ. அவுக வீட்டுல வில்வண்டி இருக்கு, காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் பறந்திருக்கலாம். 'அக்கா'ன்னு ஒரு கூப்பாடு போதும்டி. ஒரே ஒரு கூப்பாடு!

ஆத்தா வாயைத் தொறந்தா. நான் பார்த்தேன், தொறந்தா. அப்புறம் முந்தானையை எடுத்து வாயில திணிச்சுக்கிட்டா. அவுக வாசலை மிதிக்கவும் கூடாது, கூப்பிடவும் கூடாது. "ஓடு தாயி, கண்டனூர் ரோட்டுல அய்யா வண்டி வருதான்னு பாரு, ஓடு"ன்னு என்னைத் தள்ளுனா. செருப்பில்லாம அந்த வெயில்ல ஓடுனேன். ஊருணிக் கரையில வண்டியைப் பார்த்தேன். அங்க நின்னும் நான் கத்தலை, கையை மட்டும் ஆட்டுனேன். அய்யா மாட்டை விரட்டிக்கிட்டு வந்து இறங்குறப்ப ஆத்தா மடியில தம்பி குளுந்து போயிக் கிடந்தான்.

ஆத்தாளுக்கு நெஞ்சு ஏறி இறங்குச்சு. தொண்டையில இருந்து 'ஹ்' னு ஒண்ணு கிளம்புச்சு. அய்யா அவ காலடியில உக்காந்து, ரெண்டு கையாலயும் அவ மூஞ்சியைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சுனாக. "வேணாம் புள்ள. சத்தம் வேணாம். தலையாரி அந்தா வாரான். நானும் போயிட்டா நீயும் இந்தப் பொட்டப்பிள்ளையும் எங்க போவீக?" அவுக கண்ணுல தண்ணி ஒழுகுது, வாயி மட்டும் குசுகுசுன்னு பேசுது. ஆத்தா அந்தச் சத்தத்தை முழுங்கிட்டா. முழுங்குனது கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு.

கைப்பிள்ளைங்கிறதால தோட்டத்து மூலையிலயே பொதைச்சாக. கல் இல்லாத கிலுகிலுப்பையை அவன் கூடவே வச்சாக. அந்த நேரம் பார்த்து அங்குட்டு வீட்டுல எதுக்கோ எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாக. அய்யா கையில மம்பட்டி இருந்துச்சு. அப்படியே சுவரு பக்கம் திரும்புனவுகளை ஆத்தா வேட்டியைப் பிடிச்சு நிறுத்துனா. ஒப்பாரி கேட்டாத்தானேடி சாவு வீடுன்னு தெரியும்? அவுகளுக்குத் தெரியாது. மறுநாள் சேதி தெரிஞ்சு பெரியாத்தா, "பிள்ளை செத்ததைக்கூடச் சொல்லாம பொதைச்சுட்டாகளே, அம்புட்டு வன்மமா?"ன்னு அவ முத்தத்துல உக்காந்து அழுதா. நாங்க இங்குட்டு இருந்து கேட்டோம். எங்க பிள்ளைக்கு அவதான் அழுதா. அய்யா அதையும் வேசம்னாக.

அதுக்கப்புறம் ஆத்தா குசுகுசுன்னு பேசுறதையும் விட்டுட்டா. சோறு போடுவா, தலை சீவி விடுவா, வாயைத் தொறக்க மாட்டா. அய்யாவை நிமிந்து பார்க்க மாட்டா.

பங்குனியில கிணத்துத் தண்ணி அடியில போயிருச்சு. அன்னைக்குப் பெரியய்யா முறை. ஊத்துக்கண்ணை அடைச்சிருந்த சேத்தை அள்ள அவுகளே கிணத்துக்குள்ள இறங்கியிருந்தாக. மேல மாடு கமலையில பூட்டுன மேனிக்கு நிக்குது. தண்ணி மொள்ளுற இரும்புச் சாலு வடக்கயித்துல தொங்குது, நேரா அவுக தலைக்கு மேல. மாட்டைப் பிடிச்சுக்கிட்டிருந்த ஆளு மடை திருப்பப் போயிட்டான். நானும் அய்யாவும் எங்க வரப்புல களை எடுத்துக்கிட்டிருந்தோம், கிணத்துக்கு ரொம்பவே தள்ளி. ஈ கடிச்சுச்சோ என்னமோ, மாடு பின்னாலயே எட்டு வைக்க ஆரம்பிச்சுச்சு. மாடு பின்னால போனா வடம் நெகிழும், சாலு இறங்கும். உருளையிலதான் எண்ணெய் போட்டிருக்கே, கிரீச்சுன்னு ஒரு சத்தம்கூட வரலை.

அய்யா பார்த்துட்டாக. எந்திருச்சாக. வாயைத் தொறந்தாக, காத்துதான் வந்துச்சு. நான் அவுக மூஞ்சியையே பார்க்கிறேன். அடுத்த நொடி, "அண்ணே! ஒதுங்குண்ணே! சுவத்துல ஒட்டு!"ன்னு ஒரு கத்து. அப்படி ஒரு சத்தத்தை நான் அதுக்கு முன்னால கேட்டதில்லை. மரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்து ஓடிருச்சு. கிணத்துக்குள்ள தொபுக்குன்னு சாலு விழுந்த சத்தம். அப்புறம் ஒண்ணும் கேக்கலை. அப்புறம் இருமல். பெரியய்யா இருமுனாக.

அவுக படியேறி வந்தப்ப உடம்பெல்லாம் சேறு. "தம்பி"ன்னாக. அய்யா துண்டை வாயில பொத்திக்கிட்டு வரப்புல உக்காந்திருந்தாக. எந்திருச்சு நேரா வீட்டுக்கு வந்து குளிச்சாக. வெள்ளை வேட்டி கட்டுனாக. வண்டியைப் பூட்டுனாக.

"அமைதியை உடைச்சுட்டேன். தானாப் போயிச் சொல்லிட்டா கொஞ்சம் எரக்கம் காட்டுவாக. நீதான் சாட்சி தாயி, வா. துரை கேட்டா உள்ளதைச் சொல்லு. எனக்காகப் பொய் சொல்லாத."

உள்ளதைச் சொன்னா அய்யா ஜெயிலுக்குப் போவாக. ஆத்தா கட்டுச்சோத்தை வண்டியில வச்சுட்டு, போறாகளா வாறாகளான்னுகூடப் பார்க்காம உள்ள போயிட்டா.

திருப்பத்தூர் தாண்டுறப்பப் பின்னால மணிச்சத்தம். பெரியய்யா வில்வண்டி, தம்பி எங்க போறான்னு தெரியாமப் பின்னாலயே வந்துட்டாக. கூப்பிட்டாலும் அய்யா திரும்பலை. மணி சத்தம் போடுதேன்னு அய்யாவுக்குப் பதறுச்சு. அந்த வழி பூராம் முன்னால நாங்க, பின்னால அவுக.

கச்சேரி வாசல்ல அதே குமாஸ்தா. அய்யா தோளுத் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுக் கும்பிட்டாக. "ஐயா, தப்புப் பண்ணிட்டேன். சத்தம் போட்டுட்டேன். இந்தா சாட்சி, எம் மக."

பெரியய்யா குறுக்க விழுந்தாக. "எம் மேலதான் தப்பு. என்னையக் காப்பாத்தத்தான் கத்துனான். உள்ள போடுறதா இருந்தா என்னையப் போடுங்க."

குமாஸ்தா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். விசயம் விளங்குனதும் சிரிச்சான் பாருங்க, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. வராந்தாவுல இருந்தவன் எல்லாத்தையும் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். "அட கூறுகெட்ட மனுசா, பீஸுன்னா சண்டை போடாம இருக்கிறதுய்யா! பேசாம இருக்கிறதுன்னு எவன் சொன்னான்?"

"எங்க குமாஸ்தா சமாதானமா இருங்கன்னுதானடா சொன்னாரு"ன்னாக பெரியய்யா. அய்யா பக்கம் திரும்புனாக. "சத்தத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையேடா."

ரெண்டு குமாஸ்தா, ரெண்டு சொல்லு. சமாதானம்னு அவுகளுக்கு, அமைதின்னு எங்களுக்கு. அம்புட்டுதான் வித்தியாசம்.

அய்யா சிரிக்கலை. கோவப்படவும் இல்லை. கும்பிட்ட கையை எறக்காம ஒண்ணே ஒண்ணு கேட்டாக.

"அப்ப, அழுகலாங்களா?"

"என்னது?"

"வீட்டுல ஒரு சாவு விழுந்தா, அழுகலாங்களா?"

"யாருய்யா அழ வேணாம்னது?"ன்னுட்டு அவன் வெத்தலையைத் துப்பப் போயிட்டான். அய்யா அங்கயே படியில உக்காந்துட்டாக. பெரியய்யா பக்கத்துல உக்காந்து அவுக தோளைச் சுத்திக் கையைப் போட்டாக.

மூணாம் நாள் ஊருக்கு வந்து சேந்தப்பப் பொழுது சாய இன்னும் நேரமிருந்துச்சு. ஆத்தா முத்தத்துல புளி கொட்டை எடுத்துக்கிட்டிருந்தா. அய்யா ஜெயிலுக்குப் போகலைன்னு பார்த்தும் எந்திருக்கலை. அய்யா போயி அவ முன்னால குத்தவச்சு உக்காந்தாக. அந்த வருசத்துலயே எங்க வீட்டுல முதமுறையா வாய்விட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரிப் பேசுனாக.

"அழு புள்ள. அழுகலாமாம்."

ஆத்தா நிமிந்து பார்த்தா. விளங்க ஒரு நேரம் பிடிச்சுச்சு. விளங்குனதும் புளிக்கூடையை எத்திவிட்டு எந்திருச்சு, அய்யா நெஞ்சுல ரெண்டு கையாலயும் குத்துனா. குத்திக்கிட்டே இருந்தா. அய்யா அசையாம வாங்கிக்கிட்டாக. அழணும்னு வாயைத் தொறக்கிறா, சத்தம் வர மாட்டேங்குது. தொறக்கிறா, மூடுறா. கடைசியில வாசல் வழியாப் பெரியாத்தா ஓடியாந்து அவளைக் கட்டிக்கிட்டு, "என்னைப் பெத்த ராசா"ன்னு முதல் அடி எடுத்துக் குடுத்தா. அந்த ராகத்தைப் பிடிச்சுக்கிட்டு ஆத்தா தொண்டை தொறந்துச்சு.

ஆவணியில போன பிள்ளைக்குப் பங்குனியில ஒப்பாரி. ஊரு பூராம் பதறிப்போயி ஓடியாந்துச்சு, யாரு செத்ததுன்னு கேட்டுக்கிட்டு. தலையாரியும் வந்தாரு. நான் பழக்கத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவரு கைத்தடியைச் சுவருல சாத்துனாரு. தலைப்பாகையை அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு, ஆத்தா அழுது ஓயிற வரைக்கும் எங்க வாசல்லயே நின்னாரு.